அனுமதியின்றிக் களம் நீங்கியவன்

இன்னெஸ் டத்தி களத்திலிருந்து வெளியேற்றப்பட்டு அன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. வடகரைக் கோப்பையின் விதிப்படி, வெளியேற்றப்பட்ட ஆட்டக்காரன் நாற்பத்திரண்டு நாளுக்குள் ஒழுங்குக் குழுவின் முன்னால் நேரில் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால், அந்த ஆட்டத்தில் அவன் செய்ததெல்லாம் செய்யாததாகிவிடும். அவன் அடித்த கோலும் அதில் சேர்த்தி.

அதனால் அவனுடைய அப்பா ஜீம்ஸ் டத்தி காலைப் பேருந்தைப் பிடித்து ஸ்ட்ராத்கியருக்குப் போனார். அவர்தான் போர்ட்லேரி வயலட் கால்பந்துக் கழகத்தின் செயலர். முழங்கால் கெட்டுப்போய்க் கடலுக்குப் போவதை நிறுத்தியபோது ஊர் அவருக்குக் கொடுத்த பதவி அது. மீன் பிடிக்கிறவர்களின் அணிக்குப் பூவின் பெயரை யார் வைத்தது என்று இப்போது யாருக்கும் தெரியாது. சட்டையும் ஊதா. அதைப் பற்றிச் சொல்லக்கூடிய கேலிகள் எல்லாவற்றையும் போர்ட்லேரிக்காரர்கள் கேட்டு முடித்துவிட்டார்கள்.

இன்னெஸ் செய்த குற்றம் இது. போர்ட்லேரியின் ஆட்டக்களம் துறைமுகச் சுவரை ஒட்டி இருக்கிறது. நிலத்திலிருந்து காற்று அடித்தால் பந்து சுவரைத் தாண்டிக் கடலில் விழும். அதற்காகவே ஆட்ட நாட்களில் ஒருவர் துடுப்புப் படகில் கைவலையோடு சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். முதல் சுற்று அன்று அவர் மச்சினன் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். கழகத்திடம் மூன்று பந்துகள் இருந்தன. இடைவேளைக்குள் இரண்டு பந்துகள் நார்வே இருக்கும் திசையில் போய்விட்டன. மூன்றாவதும் போனபோது, கோல் அடித்து மூச்சுக்கூட வாங்கி முடிக்காத இன்னெஸ் சுவரேறிக் குதித்தான். பந்தை நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு நீந்தி வந்தான். சொட்டச் சொட்டச் சுவரேறி, பந்தை நடுவரின் கையில் கொடுத்தான்.

கூட்டம் கைதட்டியது. நடுவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அனுமதியின்றிக் களம் நீங்கியதற்கு ஓர் எச்சரிக்கை. அனுமதியின்றிக் களத்துக்குத் திரும்பியதற்கு இன்னோர் எச்சரிக்கை. இரண்டும் சேர்ந்தால் வெளியேற்றம். இன்னெஸ் சிரித்துக்கொண்டே வெளியே போனான். அந்த ஒரு கோலில் வயலட் ஜெயித்தது.

அடுத்து வந்த திங்கட்கிழமை அவன் 'ஹார்வெஸ்ட் லில்லி' படகில் வேலைக்குப் போனான். படகில் நான்கு பேர். படகு திரும்பவில்லை. இரண்டு பேர் உடலாகக் கரை ஒதுங்கினார்கள். மூன்றாமவர் இன்னொரு படகின் வலையில் வந்தார். இன்னெஸ் வரவில்லை.

போர்ட்லேரியில் ஒரு வழக்கம் உண்டு. கடல் ஒருவனைத் திருப்பித் தரும்வரை அவனைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். 'இன்னும் வரல' என்பார்கள். அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். ஆனால் சொல்ல மாட்டார்கள். களத்தின் ஓரத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் பெல்லாவின் கணவர் பத்தொன்பது வருடமாக இன்னும் வரவில்லை.

கோப்பைக் குழுவிடம் இருந்ததும் ஒரு வழக்கம்தான். குழுவின் முதல் தலைவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது வெளியே தெரியாமலிருக்க, குழுவின் முன்னால் எதுவானாலும் எழுந்து நின்று வாயால் சொன்னால்தான் செல்லும் என்று அவர் விதி போட்டார். இப்போதைய உறுப்பினர்கள் ஒன்பது பேருக்கும் நன்றாகப் படிக்கத் தெரியும். இருந்தாலும் விதி அப்படியே இருந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் அதற்கான காரணத்தை யாராவது எழுந்து நின்று சொல்ல வேண்டும். முதல் தலைவரின் படத்துக்குக் கீழே நின்று அதைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

குழு கூடும் இடம் ஸ்ட்ராத்கியர் விடுதியின் மாடி அறை. நீளமான மேசை. ஒரே மாதிரிக் கோட்டு, ஒரே மாதிரிக் கழுத்துப்பட்டை. கணப்புக்கு மிக அருகே மூத்தவர், கதவோரம் இளையவர் என்று வரிசை. இளையவருக்கு வயது அறுபத்தாறு. மூத்தவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒழுங்குச் செயலர் பிட்டன்ட்ரீ ஜீம்ஸை எழுந்து நிற்கச் சொன்னார். ஜீம்ஸ் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நாற்காலி போட்டிருக்கவில்லை.

"அப்போ உட்கார்ந்துட்டு எழுந்திருங்க" என்றார் பிட்டன்ட்ரீ. "எழுந்து நின்னதா பதிவாகணும்."

கதவோர உறுப்பினர் தன் நாற்காலியைக் கொஞ்ச நேரத்துக்குக் கொடுத்தார். ஜீம்ஸ் உட்கார்ந்து எழுந்தார்.

"ஆட்டக்காரர் எங்கே?"

"வரலைங்க."

"ஏன் வரல?"

ஜீம்ஸ் தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "கடலுக்குப் போனான். இன்னும் வரல."

பிட்டன்ட்ரீயின் முகம் மலர்ந்தது. இதற்கு ஒரு விதி இருந்தது. கடல் தொழிலாளர் சலுகை. கடலில் இருக்கும் ஆட்டக்காரனின் விசாரணையை மூன்று தவணைவரை தள்ளிவைக்கலாம். அந்தச் சலுகையை யாரும் கேட்டதே இல்லை. அவர் அதைத் தலைவருக்குப் படித்துக் காட்டினார். தலைவர் ஃபோர்ப்ஸ் ஆக்டர்லோனி கேட்டுவிட்டு எழுந்தார். சலுகை வழங்கும்போது தலைவர் பேசுவது மரபு.

"மீனவர்கள்னா எனக்குத் தனி மரியாதை" என்றார். "வெள்ளிக்கிழமைதோறும் நான் மீன்தான் சாப்பிடுறேன். அவங்க படுற கஷ்டம் எனக்குத் தெரியும். போன வருஷம் ஒரு முள்ளு தொண்டையில மாட்டிக்கிச்சு. அப்பக்கூட நான் அவங்களைக் குறை சொல்லல."

மேசை தட்டப்பட்டது. மூத்தவர் விழித்து, தானும் தட்டினார்.

"மிஸ்டர் டத்தி, ஆட்டக்காரர் எப்போ வருவார்?"

"தெரியலைங்க."

"தோராயமா?"

ஜீம்ஸ் ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து கடல் தெரியாது. "சொல்ல முடியலைங்க" என்றார்.

"வந்ததும் உடனே அனுப்பிவைங்க. அவருக்காக ஒன்பது பேர் காத்திருக்கோம்னு சொல்லுங்க."

திரும்பும் பேருந்தில் ஜீம்ஸுக்கு ஒன்று புரிந்தது. போர்ட்லேரியில் அவரைக் கண்டால் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். காற்றைப் பற்றிப் பேசினார்கள். எப்போ வருவான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மாடி அறையில்தான் கேட்டார்கள், பையன் பேருந்தைத் தவறவிட்டுவிட்டதைப் போல எரிச்சலோடு கேட்டார்கள். அந்த எரிச்சல் அவருக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்து அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

இரண்டாம் சுற்று போர்ட்லேரியிலேயே நடந்தது. ஆட்டத்துக்கு முன்னால் ஹார்வெஸ்ட் லில்லிக்கு மௌன அஞ்சலி. அதை நடத்தக் குழுவின் இரங்கல் பிரிவு வந்து இறங்கியது. இரங்கல் பிரிவும் ஒழுங்குப் பிரிவும் வேறு வேறு. அவற்றின் பதிவுகள் வேறு வேறு பீரோவில் இருந்தன. ஆனால் இரண்டுக்கும் தலைவர் ஆக்டர்லோனிதான். அன்று அவர் கறுப்புக் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார்.

மௌனத்துக்கு அளவு உண்டு. குழுவின் தலைவர் இறந்தால் மூன்று நிமிடம், உறுப்பினர் என்றால் இரண்டு. மற்றவர்கள் எத்தனை பேரானாலும் ஒரு நிமிடம்.

"நாலு பேருக்கு ஒரு நிமிஷமா" என்றாள் பெல்லா, கடைக்குள்ளிருந்து. "ஆளுக்குக் கால் நிமிஷம். என் கெட்டில் கொதிக்கவே அதுக்குமேல ஆகும்."

"மெதுவாப் பேசு பெல்லா" என்றார் பயிற்சியாளர் வாட்டி. "காதுல விழப்போவுது."

"விழட்டும். அதுக்கும் எழுந்து நின்னு சொல்லணும்னா சொல்லு, நிக்கிறேன்."

ஆக்டர்லோனி களத்தின் நடுவில் நின்று பெயர்களைச் சொன்னார். பெயர் சொல்ல வேண்டுமானால், இன்னார் இறந்தார் என்று நெருங்கிய உறவினர் இரங்கல் பிரிவிடம் முன்கூட்டியே வாயால் சொல்லியிருக்க வேண்டும். மூன்று குடும்பங்கள் போய்ச் சொல்லியிருந்தன. ஆகவே அவர் மூன்று பெயர்களைச் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, "மற்றும் ஒருவர்" என்றார்.

நடுவர் விசில் ஊதினார். எல்லாரும் தலை குனிந்தார்கள். பாதியில் கூரைமேலிருந்த கடற்காகம் ஒன்று கத்தியது. ஆக்டர்லோனி கையைத் தூக்கினார். சத்தம் கலந்த மௌனம் செல்லாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மறுபடியும் கத்தியது. மூன்றாவது தடவைக்கு முன், பறவைகளை விரட்டும்படி மாற்று ஆட்டக்காரர்களுக்கு உத்தரவு வந்தது. கடற்காகம் சும்மா சொன்னால் போகாது. பையன்கள் களத்தைச் சுற்றி ஓடி ஓடிக் கைதட்டினார்கள். அப்படியே ஒரு நிமிடம் முடிந்தது. கைதட்டல் பறவைகளுக்கானது என்பதால் மௌனத்தில் சேராது என்று ஆக்டர்லோனி தீர்ப்புச் சொன்னார். அஞ்சலி முறைப்படி நிறைவேறியது.

ஜீம்ஸின் மனைவி எல்ஸ்பெத் இத்தனை நேரமும் துறைமுகச் சுவரின் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். மூன்று மௌனங்களிலும் அவள் திரும்பவில்லை.

ஆக்டர்லோனி ஜீம்ஸிடம் வந்து இரண்டு கைகளாலும் அவருடைய கையைப் பிடித்தார். "உங்க ஊருக்குப் பெரிய இழப்பு, மிஸ்டர் டத்தி. நேத்து ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கல. இறந்தவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பேர் இல்லாத ஒருத்தரையும்?"

"தெரியும்."

"பாவம். சொல்றதுக்கு ஒருத்தர்கூட இல்லைபோல." கையை விட்டார். கறுப்புக் கழுத்துப்பட்டையை நேராக்கிக்கொண்டார். "ஆமா, உங்க ஆட்டக்காரர் என்ன ஆனார்? கடல்லேருந்து வந்தாச்சா?"

"இன்னும் வரலைங்க."

"ரெண்டு தவணைதான் பாக்கி இருக்கு. ஞாபகம் வெச்சுக்குங்க."

அன்றைக்கும் வயலட் ஜெயித்தது. அந்த வருடம் அவர்கள் விடாமல் ஜெயித்தார்கள். ஏன் என்று வாட்டிக்கே புரியவில்லை. பையன்கள் ஒருவரோடொருவர் பேசாமல் விளையாடினார்கள். எதிரணி இடித்துத் தள்ளினால் திருப்பித் தள்ளாமல், எழுந்து மறுபடி ஓடினார்கள்.

இன்னெஸின் எண் ஒன்பது. விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவனின் சட்டையை வேறு யாரும் போடக்கூடாது. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் அதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதனால் ஒன்பதாம் எண் சட்டை ஒவ்வொரு ஊரிலும் உடை மாற்றும் அறையின் ஆணியில் தொங்கியது. எதிரணி ஆட்கள் அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்கள். ஆட்டத்துக்கு முன் குழுவின் பார்வையாளர் வந்து எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் போனார்.

அணியின் சட்டைகளைத் துவைப்பது எல்ஸ்பெத். பிப்ரவரியில் கொடியில் போட்ட சட்டைகள் உறைந்து, கைகளை விரித்தபடி பலகைபோல் நின்றன. இரண்டாம் தவணைக்கு முந்தின நாள் ஜீம்ஸ் அவற்றை உள்ளே எடுத்துவர உதவினார். வானொலியில் கடல் வானிலை ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் அது முடியும்வரை பேசவில்லை. எப்போதும் பேசுவதில்லை.

"ஒன்பதை எதுக்குத் துவைக்கிற?" என்றார் ஜீம்ஸ். "யாருமே போடலையே."

"உப்புக் காத்து. தொங்கினாலே அழுக்காயிடும்."

சட்டையை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தாள். அது இளகி மெல்ல மடங்கியது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குப் போறியா?"

"போகணும்."

"என்ன கேப்பாங்க?"

"அதேதான். எப்போ வருவான்னு."

எல்ஸ்பெத் சட்டையின் கையை நீவிவிட்டாள். "அவங்களாவது கேக்குறாங்க" என்றாள்.

மகன் வருவான் என்று அவள் காத்திருக்கிறாள் என ஜீம்ஸ் எடுத்துக்கொண்டார். அன்று இரவு தூக்கம் வராமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். தன் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் அது பேருந்தில் ஏறி அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும்.

மறுநாள் வாட்டியும் கூட வந்தார். ஊர்ப் பாதிரியாரிடம் ஒரு கடிதம் வாங்கி, ஜீம்ஸிடம் சொல்லாமல் கோட்டுப் பையில் வைத்திருந்தார். மாடி அறையில் அதை எடுத்து மேசைமேல் வைத்தார். பிட்டன்ட்ரீ அதைப் பிரிக்கவில்லை. ஒரு விரலால் வாட்டியின் பக்கமே தள்ளினார்.

"இது எழுந்து நிக்குமா?"

"கடுதாசிங்க. எப்படி நிக்கும்?"

"அப்போ செல்லாது."

வாட்டி எழுந்தார். "நான் நிக்கிறேன். நான் சொல்றேன். அந்தப் பையன் வந்து—"

"நீங்க யாரு?"

"பயிற்சியாளர்."

"பயிற்சியாளர் சொல்லலாம். ஆனா கேக்குறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்ல. கழகச் செயலர் வாயால வரணும்." பிட்டன்ட்ரீ கனிவாகவே சொன்னார். "மிஸ்டர் டத்தி, உங்களுக்கு ஒன்னு சொல்லிவைக்கிறேன். நேர்ல வராததுக்கு விதி ரெண்டே காரணத்தைத்தான் ஒத்துக்குது. ஒன்னு கடல். இன்னொன்னு மரணம். மரணம்னா விஷயம் அன்னிக்கே முடிஞ்சுடும். கோல் நிக்கும். கடல்னா மூணு தவணை. ரெண்டுல எது?"

மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஜீம்ஸ் உட்கார்ந்து எழுந்தார். வாயைத் திறந்தார். 

"கடல்" என்றார். "இன்னும் வரல."

பேருந்தில் வாட்டி ஜீம்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "ஒரே ஒரு வார்த்தைடா" என்றார். "அரையிறுதிக்கு வந்தாச்சு. அந்த ஒரு கோல்லதான் மொத்தமும் நிக்குது. அது போச்சுன்னா எல்லாம் போச்சு."

"தெரியும்."

"பசங்களுக்காகச் சொல்லல. அது அவன் அடிச்ச கோல். கரையில அவன் கடைசியாச் செஞ்ச காரியம். அதை அடிக்கவே இல்லன்னு எழுதப்போறானுங்க. அதுக்கு விடுவியா?"

"எல்ஸ்பெத் காதுக்குப் போகும், வாட்டி."

"அவளுக்குத் தெரியாதுன்னா நினைக்கிற?"

"தெரியுறது வேற. கேக்குறது வேற."

வாட்டி கோட்டுப் பையிலிருந்து பாதிரியாரின் கடிதத்தை எடுத்தார். அதை நாலாக மடித்துத் தன் ஷூவுக்குள் வைத்துக்கொண்டார். ஷூவில் ஓட்டை இருந்தது.

வயலட் அரையிறுதியையும் ஜெயித்தது. இறுதி ஆட்டம் மே மாதம், ஸ்ட்ராத்கியர் களத்தில். மூன்றாம் தவணையையும் அதே நாள் காலையில் வைத்தார்கள். ஒன்பது உறுப்பினர்களும் ஒரே இடத்தில் இருப்பது மதிய விருந்து உள்ள நாட்களில்தான். போர்ட்லேரியிலிருந்து இரண்டு பேருந்துகளில் ஆட்கள் வந்தார்கள். வெளியே வெயில் அடித்தது. பெல்லா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். பத்தொன்பது வருடத்தில் அவள் ஊரைவிட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

விசாரணை அறையில் கோப்பை மேசையின் நடுவே இருந்தது. துடைத்துத் துடைத்து அதன் மேலிருந்த பழைய பெயர்கள் பாதி அழிந்திருந்தன. பக்கத்து அறையில் கறி வேகும் வாசனை. மூத்தவர் இன்று விழித்திருந்தார்.

"மூணாவது, கடைசித் தவணை" என்றார் பிட்டன்ட்ரீ. "ஆட்டக்காரர் வந்திருக்காரா?"

ஜீம்ஸ் தலையசைத்தார்.

"தலையசைப்பு செல்லாது."

"வரலைங்க."

பிட்டன்ட்ரீ விளைவுகளைப் படித்தார். முதல் சுற்றில் அடித்த கோல் ரத்து. ஆகவே அந்த ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாதது. ஆகவே அதை மறுபடி நடத்த வேண்டும். அந்த எதிரணியில் மூன்று பேர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டார்கள். அவர்கள் வரும்வரை பின்னால் நடந்த சுற்றுகள் எல்லாம் நடக்காதவை. இன்றைய இறுதி ஆட்டம் நடக்கலாம். டிக்கெட் விற்றாகிவிட்டது. ஆனால் அது இறுதி ஆட்டம் ஆகாது.

ஆக்டர்லோனி எழுந்தார். தண்டனைக்கு முன் தலைவர் பேசுவதும் மரபு.

"வருத்தமாத்தான் இருக்கு" என்றார். "ஆனா ஒழுங்குன்னு ஒன்னு இருக்கே. இந்தக் கோப்பை ரெண்டு உலகப் போரைப் பார்த்திருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறுல இதே மாதிரி ஓர் ஆட்டக்காரர். நடுவரைத் திட்டினதுக்காக வெளியேத்தினாங்க. விசாரணைக்கு வரச் சொன்னா, பிரான்சுக்குப் போயிட்டார். அங்கேருந்து வரவே இல்ல. கடல் சலுகையில் பிரான்ஸ் சேராது. அவர் அடிச்ச ரெண்டு கோலையும் ரத்து பண்ணோம். அவர் வழக்கு இன்னும் நிலுவையில இருக்கு. வருஷா வருஷம் முதல் கூட்டத்துல அவர் பேரைக் கூப்பிடுறோம். வந்திருக்காரான்னு கேக்குறோம். நாங்க யாரையும் மறக்குறதில்ல, மிஸ்டர் டத்தி. உங்க ஆட்டக்காரரையும் மறக்க மாட்டோம். அவர் பேரையும் வருஷா வருஷம் கூப்பிடுவோம்."

மேசை தட்டப்பட்டது.

ஜீம்ஸ் அந்தக் குரலைக் காதில் கேட்டார். ஒவ்வொரு செப்டம்பரும், ஜன்னலில் கடல் தெரியாத ஓர் அறையில், இன்னெஸ் டத்தி வந்திருக்காரா. அந்தக் கேள்விக்காகத்தான் தானும் இத்தனை மாதம் பேருந்து ஏறினோம் என்று அவருக்குத் தோன்றியது. பிரான்சுக்குப் போனவனின் அப்பாவும் ஒருநாள் இங்கே நின்றிருப்பார்.

"செயலர் ஏதாவது சொல்லணுமா?" என்றார் பிட்டன்ட்ரீ. "இதுதான் கடைசி வாய்ப்பு."

கதவு தட்டப்பட்டது. கதவோர உறுப்பினர் திறந்தார். எல்ஸ்பெத் நின்றிருந்தாள். இறுதி ஆட்டத்தின் காலையில் குற்றம் சாட்டப்பட்டவனின் சட்டையைக் குழுவிடம் நேரடியாகக் காட்ட வேண்டும். அவள் அதைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"சலவையா? அப்படி வெச்சுட்டுப் போம்மா" என்றார் பிட்டன்ட்ரீ.

அவள் சட்டையைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். போகவில்லை.

ஜீம்ஸ் நாற்காலியைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து, எழுந்தார்.  மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என் பையன்" என்றார். பிறகு உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா, தயவுசெஞ்சு" என்றார் பிட்டன்ட்ரீ. "மூத்தவருக்கு ஒரு காது கேக்காது."

"என் பையன்..." ஜீம்ஸ் எல்ஸ்பெத்தைப் பார்த்தார். "நீ கொஞ்சம் வெளியே இரேன்" என்றார்.

"வேணாம்" என்றாள் எல்ஸ்பெத். "இங்கேயே இருக்கேன். சொல்லு, ஜீம்ஸ்."

"எல்ஸ்பெத்."

"எட்டு மாசமா எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல. கடைக்குப் போனா காத்தைப் பத்திப் பேசுறாங்க. வீட்டுக்கு வந்தா நீ வானொலியைப் போடுற. எனக்கும் யாராச்சும் சொல்லணும். அடுத்தவங்க சொல்றதுக்கு நீயே சொல்லிடு."

பக்கத்து அறையில் தட்டுகளை அடுக்கும் சத்தம் நின்றது. மூத்தவர் நல்ல காதைத் திருப்பினார். பிட்டன்ட்ரீ பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

ஜீம்ஸ் மேசையிலிருந்து கையை எடுத்தார். குழுவின் பக்கம் திரும்பவில்லை. அவளைப் பார்த்து, அந்த அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இன்னெஸ் செத்துட்டான், எல்ஸ்பெத். நம்ம பையன் கடல்ல செத்துட்டான்."